என் ரத்தத்தை நானே கொண்டுபோனேன்

கால் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போச்சா இருக்கா என்று கடைசிவரை உங்களைத் தவிக்கவிட்டு அப்புறம் சொல்லுகிற வேலை எனக்கு வராது. வலது கால், ஐந்து விரலும் சேர்த்து, இதை எழுதும்போது கட்டிலுக்குக் கீழே செருப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் வெயில் காலத்தில் அது போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். முடிவு கட்டியது டாக்டர் இல்லை. நான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்தவன் நான். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. கவர்மென்ட் பவன் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ரிட்டயர் ஆனேன். லிஃப்ட் ஓட்டுவதென்றால் பட்டனை அமுக்குவதுதானே என்று கேட்பார்கள். பட்டன் அமுக்குவது வேலையே இல்லை. ஏறுகிற ஆளைப் பார்ப்பதுதான் வேலை. இரண்டு ஆபீசர்கள் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு ஏறினால் பயப்பட ஒன்றுமில்லை, சாயங்காலம் சேர்ந்து டீ குடிப்பார்கள். ஏறினதும் பேச்சை நிறுத்தி, ஒருத்தன் தரையைப் பார்த்து, இன்னொருத்தன் "ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னால் யாருக்கோ அசாம் பக்கம் மாற்றல் என்று அர்த்தம். அந்த 'ஒண்ணும் இல்ல'யை லிஃப்ட் பெட்டிக்குள் நின்றபடி எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அது ஒன்றும் இல்லாமல் போனதில்லை.

சர்க்கரை அந்தப் பெட்டிக்குள் நின்றபோதே வந்துவிட்டது. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, முனிர்காவில் ஒரு வீட்டின் உச்சி மாடியில் குடியேறினோம், நானும் என் சம்சாரம் பூங்கோதையும். மகன் பெங்களூரில். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ஓட்டினவனுக்குக் கிடைத்தது லிஃப்ட் இல்லாத வீடு. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய மாடிப்படி.

அந்த ஜனவரியில் நல்ல குளிர். கம்பி ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். கருகல் வாசனை வந்தது. பால் அடிப்பிடித்துவிட்டது என்று பூங்கோதை அடுப்புக்கு ஓடினாள். பால் நன்றாகத்தான் இருந்தது. மூக்கைச் சுருக்கிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"ஏங்க, காலு! உங்க காலுங்க!"

கருகினது என் கட்டைவிரல். காலுக்குச் சொந்தக்காரன் எனக்குத் தெரியவில்லை, அடுப்படியில் நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. சர்க்கரை என் பாதத்திலிருந்த உணர்ச்சியை எப்போதோ துடைத்து எடுத்துவிட்டது. எனக்குச் சொல்லாமல்.

ஆர்.கே.புரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போடப் போனேன். டாக்டர் பாட்டியா என்று ஒரு பஞ்சாபி அம்மா. கட்டைக் குரல், கை மட்டும் பஞ்சு. ஹோலி போனது, பங்குனி போனது, புண் மூடவில்லை. ஓரம் காய்ந்து நடுவில் ஈரமாக, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

சுபாஷிணி வந்தது அப்போதுதான். ஜீன்ஸ் போட்ட பெண். முனிர்காவை ஒட்டின யூனிவர்சிட்டியில் ஏதோ ஆராய்ச்சி. அப்பா அம்மா கும்பகோணம், இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. தமிழ் பேசுவாள், எழுதிக் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பாள். முனிர்காவிலேயே எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி ரூம் எடுத்திருந்தாள். கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த என்னைப் பிடித்தாள்.

"அங்கிள், உங்க ப்ளட் கொஞ்சம் வேணும். ஸ்டடிக்கு."

"முதல்ல அங்கிள்ங்கிறத விடு. எதுக்கு ரத்தம்?"

"மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒண்ணு இருக்கு அங்கிள். அதைப் பார்க்கணும்."

"அது என்ன, புதுசா வந்திருக்கிற வியாதியா?"

"வியாதி இல்லை. எல்லார் உடம்புலயும் இருக்கு. இப்ப, உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு ஆபீஸ்னு வெச்சுக்கோங்கோ. ஆபீசர் ரூம்ல பெரிய ஃபைல் இருக்கு. அதை வெளிய விட மாட்டா. காப்பி எடுத்துத்தான் கீழ அனுப்புவா. 'தோல் வளரட்டும்', 'இன்சுலின் சுரக்கட்டும்'னு ஆர்டர். கீழ இருக்கறவா அந்தக் காப்பியைப் பார்த்துதான் வேலை செய்வா. இந்த மைக்ரோ ஆர்என்ஏ ரொம்பக் குட்டி. அது ஆர்டரும் போடாது, வேலையும் செய்யாது. நடுவுல காப்பியைப் பிடிச்சு நிறுத்திடும்."

"லிஃப்ட்மேன்," என்றேன்.

"க்யா?"

அவளுக்குச் சொன்னேன். எங்கள் பவன் வாசலில் டீக்கடை போட்டிருந்த ஒரு கிழவனைக் காலி பண்ணச் சொல்லி ஒரு ஆர்டர், மேலேயிருந்து கீழே கையெழுத்துக்கு வந்தது. கொண்டுவந்தவன் என் லிஃப்டில்தான் ஏறினான். இரண்டு மாடிக்கு நடுவில் பெட்டி நின்றுவிட்டது. ரிப்பேர். கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் ரிப்பேர் சரியானது. அடுத்த வாரம் அந்த ஆபீசரே மாறிப்போனார். டீக்கடை அங்கேயே இருந்தது.

"அதேதான் அங்கிள்! சுகர் வந்தவாளுக்கு இந்த லிஃப்ட்மேன்ல சில பேர் ஜாஸ்தியாயிடறா, சில பேர் குறைஞ்சுபோயிடறா. போக வேண்டிய ஆர்டர் நின்னுடறது, நிக்க வேண்டியது போயிடறது. புண் ஆறாததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு பார்க்கறோம். கிட்னி, கண் கெட்டுப்போறதுலயும் அவாளுக்குப் பங்கு இருக்கு. அவா கொஞ்சம் பேர் ரத்தத்துலயும் மிதந்துண்டு வருவா."

"பாத்துட்டு என்ன செய்வ? என் லிஃப்ட்மேனைச் சஸ்பெண்ட் பண்ணிருவியா?"

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு இதனால ஒரு லாபமும் இல்லை. ஆனா யார் புண் ஆறும், யாரோடது ஆறாதுன்னு முன்னாடியே ரத்தத்துல தெரிஞ்சுதுன்னா, பின்னால வர்றவாளுக்கு நல்லதுதானே?"

லாபம் இல்லை என்று நேராகச் சொன்னதால் சம்மதித்தேன். லாபம் இருக்கு என்றிருந்தால் எழுந்து போயிருப்பேன். ஆனால் கடைசியாக அவள் சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. யாரோடது ஆறாது என்று ரத்தத்தில் தெரியும்.

ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுத்தாள். யூனிவர்சிட்டி லேபுக்குக் கொண்டுபோகும் ஆள் அன்று லீவு. அவளுக்கு இன்னும் நாலைந்து பேரிடம் எடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டோவில் கொண்டுபோவேன் என்றாள்.

"என் ரத்தம் சாயங்காலம் வரைக்கும் இங்க கிடக்குமா? யாரு பேரு எதுல ஒட்டும்னு யாருக்குத் தெரியும்? குடு, நான் வீட்டுக்கு அந்த வழியாத்தான் போறேன். நானே குடுத்துர்றேன்."

"அப்படியெல்லாம் குடுக்கக் கூடாது அங்கிள்."

"அப்ப ரத்தத்தைத் திரும்ப உள்ள ஏத்து."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அச்சா. சரி. இந்தப் பெட்டியில வெச்சுத் தர்றேன். கேட்ல கார்டுகிட்ட என் பேர் சொல்லிக் குடுத்தா உள்ள அனுப்பிடுவான். கூலா இருக்கணும். ஆட்டாதீங்கோ. நேரா போங்கோ."

சின்ன தெர்மாகோல் பெட்டி. உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ அடைத்த பிளாஸ்டிக் பை ஒன்று. தொட்டால் லேசாகச் சில்லென்றிருந்தது, அவ்வளவுதான். நல்ல பிள்ளைதான், ஆனால் சூடு ஆற வைத்த பால் மாதிரி இருக்கிறதே இது, டெல்லி வெயிலுக்கு எந்த மூலைக்கு என்று நினைத்தேன். அதோடு நேராகவும் போகவில்லை. பூங்கோதை நல்லெண்ணெயும் சுண்டைவற்றலும் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். அதற்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். ஆராய்ச்சி ஆபீஸில் எவன் மதியத்துக்கு முன்னால் சீட்டுக்கு வரப்போகிறான்?

மார்க்கெட்டில் இறங்கும்போது அனல் அடித்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பை வெதவெதவென்று ஆகியிருந்தது. என் ரத்தம் கெட்டுப்போய், கெட்ட ரத்தத்தைப் பார்த்து இவன் புண் ஆறாது என்று எழுதிவிட்டால்? எதிரே மீன்கடை. கடலே இல்லாத ஊரில் மீன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. எதனால்? ஐஸால். கடைக்காரனிடம் கேட்டேன். இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டான், கல்லுப்பு தூவின ஐஸ். குழாயை அதற்குள் புதைத்து, மூடியை நாடாவால் கட்டினேன். முனிர்கா வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். லேப் கேட்டில் குழாயை எடுத்து வேட்டியில் துடைத்து, கார்டிடம் அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். பெட்டியைக் கேட்டான். அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் அப்புறம் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மனதுக்குத் திருப்தியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மொபைலில் கூப்பிட்டாள்.

"அங்கிள், இன்னொரு தடவை ப்ளட் குடுக்கணும்."

"ஏன்? என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் இல்ல அங்கிள். ரிப்பீட் பண்ணணும், அவ்ளோதான்."

ஒண்ணும் இல்ல! லிஃப்டில் கேட்ட அதே வார்த்தை.

மறுபடியும் போனேன், மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் நானே கொண்டுபோவேன் என்று நின்றேன்; பையில் கொண்டுவந்திருந்த பழைய பெட்டியில் குழாயை நானே வைத்து மூடினேன். முதல் தடவை ஐஸ் போதவில்லைபோல என்று எனக்குள் ஒரு சந்தேகம். குல்ஃபிக்காரன் பானையில் எப்படிச் செய்கிறான்? ஐஸோடு உப்பை அள்ளி அள்ளிப் போடுகிறான். மீன்கடைக்காரனிடம் சொல்லி இன்னும் இரண்டு கை கல்லுப்புப் போடச் சொன்னேன். "சாச்சா, கௌன்சி மச்லி ஹை?" என்று சிரித்தான், என்ன மீன் என்று. "விலை உசந்தது," என்று சொல்லிவிட்டு வந்தேன். லேப் கேட்டில் குழாயை எடுக்கும்போது விரல் ஒட்டிக்கொண்டது. அப்படிக் குளிர்ச்சி. இனி இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

அடுத்த முறை கட்டுப் போடப் போனபோது டாக்டர் பாட்டியா புண்ணைப் பார்க்கவே இல்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "பாபாஜி, சிறுநீர் கறுப்பாப் போகுதா? வீட்டுல யாருக்காவது காமாலை அடிக்கடி வருமா? புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே போனார். புண் காலில், கேள்வி கண்ணில். பக்கத்தில் சுபாஷிணி. என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். லிஃப்ட் பெட்டிக்குள் பார்த்த பார்வை.

என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இங்கிலீஷ். டாக்டர் ஏதோ சொல்ல, அந்தப் பெண் குரல் இறங்கி இறங்கிப் போனது. நான் கட்டுப் போடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரத்தில் சதாசிவத்தைப் பார்த்தேன். எங்கள் பவனிலேயே கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். தைரியம் சொல்வான் என்று போனால் அவன் எவனுக்குச் சொன்னான்?

"ரெண்டு தடவை ரத்தம் கேட்டாங்களா? கருப்பசாமி, அப்ப அவங்களுக்கு என்னமோ தெரிஞ்சுபோச்சுய்யா. எங்க செக்டர்ல ஒருத்தருக்கு இப்படித்தான். முதல்ல விரல்னாங்க. அப்புறம் பாதம். அப்புறம் முழங்கால். இப்ப சேர்ல உக்காந்து கிரிக்கெட் பாக்குறாரு."

"ஏன்யா, கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு இதையா சொல்லுவ?"

"நடந்ததத்தானய்யா சொன்னேன். சரி வா, மேல போயி சாமி கும்பிடலாம்."

"வெயில்ல கல்லு கொதிக்குது. செருப்புப் போடாம ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நீ போ."

பஸ்ஸில் வரும்போது நினைத்தது ஒன்றுதான். முழங்காலோடு போனால் அந்த மாடிப்படியில் எப்படி இறங்குவேன்? உச்சி மாடியில் இருப்பேன். காய்கறிக்காரன் சத்தம் கீழே கேட்கும். யாராவது தூக்கி இறக்கினால் உண்டு. ஊரையே ஏற்றி இறக்கினவனை ஏற்றி இறக்க ஆள் கிடையாது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. போனால்தானே காலை எடுப்பார்கள்? மொபைல் அடித்தால் எடுக்கவில்லை. பூங்கோதை கேட்டால் வெயில் என்றேன். அவளே வெந்நீரில் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். அப்புறம் ஒருநாள் கட்டை அவிழ்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன?"

"வாடை வருதுங்க."

"ஹீட்டர்லயும் நீதான் வாடை பிடிச்ச. உனக்கு அதே வேலை."

"அன்னைக்கும் நான் சொன்னதுதான் நெசம்," என்றாள்.

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சுபாஷிணி. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் கட்டிலை விட்டு எழவில்லை.

"அங்கிள், ஃபோன் ஏன் எடுக்கலை? டிரெஸ்ஸிங்குக்கு ஏன் வரலை? டாக்டர் மேம் தினமும் கேக்கறா."

"கேப்பாங்க. கத்தி தீட்டி வெச்சிருப்பாங்கள்ல."

"என்ன கத்தி?"

நான் பதில் சொல்வதற்குள் பூங்கோதை உள்ளேயிருந்து மோரோடு வந்தாள். இன்னொரு கையில் அந்தத் தெர்மாகோல் பெட்டி.

"வாம்மா, உக்காரு. இந்த டப்பா உன்னதுதான? சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவிட்டேன், புளியும் போட்டுத் தேச்சுட்டேன். அந்த வாடை போவேனாங்குது. மன்னிச்சுக்க தாயி."

சுபாஷிணி மூடியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள். மீன் தின்னாத வீட்டுப் பிள்ளை. முகம் கோணிப்போனது.

"மாமி, இதுல என்ன வெச்சேள்?"

"நான் எங்க வெச்சேன்? இவருதான் ரத்தம் கொண்டுபோகையில மீன்கடையில ஐஸ் வாங்கிப் போட்டேன்னாரு. ரெண்டு தடவையும்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள். "அங்கிள். ஐஸ்லயா வெச்சேள்? ட்யூபையா?"

"பின்ன? உன் பை வெந்நீர் மாதிரி ஆயிருச்சு. ரெண்டாந்தடவை உப்பும் கூடப் போட்டேன். நல்லா கெட்டியா இருந்துச்சு."

"கெட்டியாவா!"

வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பூங்கோதை பயந்து பக்கத்தில் போனாள். அழவில்லை. சிரிக்கிறாள். மோரைக் குடிக்க முடியாமல், பேச முடியாமல் சிரிக்கிறாள்.

"அங்கிள், ரத்தத்தை உறைய வெச்சா உள்ள இருக்கற சிவப்பு செல்லெல்லாம் உடைஞ்சு போயிடும். உடைஞ்சா அதுக்குள்ள இருக்கற மைக்ரோ ஆர்என்ஏவெல்லாம் வெளிய கொட்டிடும். எது ரத்தத்துல நிஜமா மிதந்துண்டு இருந்தது, எது உடைஞ்சு கொட்டினதுன்னு தெரியவே தெரியாது. நான் எடுத்த எல்லா ட்யூபும் நன்னா இருக்கு, உங்களோடது மட்டும் ரெண்டு தடவையும் மிஷின்ல சுத்தினப்பறமும் மேல தெளியாம செக்கச்செவேல்னு. எங்க லேப் ஸார் என்னைத்தான் திட்டினார். எனக்கு ஊசி போடவே தெரியலையாம், ட்யூபைக் குலுக்கிட்டேனாம். வேற ஆளைப் போடறேன்னுட்டார். டாக்டர் மேம் என்னடான்னா உங்க உடம்புக்குள்ளயே ரத்தம் உடையறதோ என்னமோன்னு பயந்துபோய்..."

"அதான் காலை எடுக்கணும்னு முடிவு பண்ணீங்களா?"

"காலா? காலைப் பத்தி யார் பேசினா?"

"எனக்குத் தெரியாதா? கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுனீங்களே."

அவள் என்னைப் பார்த்தாள். பூங்கோதையைப் பார்த்தாள்.

"ஏசி, அங்கிள்! ஏசி போட்டிருந்தா கதவைச் சாத்த மாட்டாளா?"

பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தலையில்தான். அடுத்து என் தலைக்கு வந்துவிடுமோ என்று இருந்தது.

"அப்ப ரத்தத்துல என் புண் ஆறாதுன்னு தெரியலையா?"

"ஒரு மண்ணும் தெரியலை அங்கிள். மீன் ஐஸ்தான் தெரிஞ்சுது." சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். "ஆனா நீங்க கட்டுப் போட வராம இருக்கறது இருக்கு பாருங்கோ, அதுல தெரியும். அதுல நிஜமாவே கால் போகும். காட்டுங்கோ."

காட்டினேன். துணியை விலக்கினதும் அவள் சிரிப்பு முழுவதும் போய்விட்டது. "ஜல்தி. கிளம்புங்கோ, டாக்டர் மேம் ஞாயிற்றுக்கிழமையும் காலையில இருப்பா," என்றாள். அந்தப் படியில் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் பூங்கோதை, நான் குதிகாலை ஊன்றி இறங்கினேன். இடமில்லாமல் மூன்று பேரும் குறுக்காக இறங்கினோம்.

டாக்டர் பாட்டியா திட்டின திட்டை எழுதினால் தாள் போதாது. பஞ்சாபியில் திட்டினது பாதி புரியவில்லை, அதுவரைக்கும் நல்லது. அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மெல்லிய எஃகுக் குச்சியை எடுத்தார். அதைப் புண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார்களாம். குச்சி எலும்பில் தட்டினால், சீழ் எலும்புவரை போய்விட்டது, விரலை எடுக்க வேண்டியதுதான். சுபாஷிணி இதை என் காதில் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். எனக்கு வலி தெரியாது, அதனால் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குச்சியின் நுனியில் காதை வைத்த மாதிரி குனிந்திருந்தார். பூங்கோதை என் சட்டையைப் பிடித்திருந்தாள், கிழிந்துவிடும்போல.

குச்சியை வெளியே எடுத்தார். "ஹட்டி நஹீன்," என்றார். எலும்பு இல்லை, குச்சி எலும்பைத் தொடவில்லை.

எக்ஸ்ரே படம் எடுத்தும் பார்த்தார்கள். எலும்பு சுத்தம். சீழ் மேலோடு இருந்தது. செத்த சதையைக் கத்தியால் சுரண்டினார். கத்தி என்றதும் முதலில் காலை இழுத்துக்கொண்டேன், சுரண்டத்தான் என்று தெரிந்ததும் நீட்டினேன். வெள்ளையாகச் சுரண்டிச் சுரண்டி, திடீரென்று ஒரு இடத்தில் ரத்தம் துளிர்த்தது. நல்ல சிவப்பு.

"தேகோ, பாருங்க பாபாஜி! இதுதான் வேணும்," என்றார் டாக்டர். "ரத்தம் வர்ற சதை உயிரோட இருக்கு. ஆறும். ஆனா கட்டு தவறக் கூடாது, விரலை ஊன்றக் கூடாது, சர்க்கரையை இறக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. குழாய்க்குள் சிவந்தால் பயப்படுகிறார்கள், புண்ணில் சிவந்தால் கொண்டாடுகிறார்கள். எந்தச் சிவப்பு எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. எனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பூங்கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் கூல்டிரிங்க் குடிக்கிறாயா என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "உங்களுக்குக் கிடையாது," என்றாள் அழுதுகொண்டே.

சுபாஷிணி மூன்றாவது தடவையாக ரத்தம் எடுத்தாள். இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அவளாகவே என்னை உள்ளே கூப்பிட்டு, ஆஸ்பத்திரியிலேயே இருந்த சுற்றுகிற மிஷினில் குழாயைப் போட்டாள். அது ஓய்ந்ததும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். அடியில் சிவப்பு மண்டி. மேலே ரசத்தில் தெளிவு நிற்குமே அந்த மாதிரி, வைக்கோல் நிறத்தில், கண்ணாடியாக ஒரு தண்ணீர்.

"பாருங்கோ. இதுக்குள்ளதான் உங்க லிஃப்ட்மேன்லாம் இருக்கா."

"எனக்கு ஒருத்தனும் தெரியலையே."

"எனக்கும் கண்ணால தெரியாது. மிஷின்தான் எண்ணும்." குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எவ்ளோ க்ளியரா இருக்கு," என்றாள். குரல் தானாக இறங்கியிருந்தது. அவள் ஸார் வேறு ஆளைப் போடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. மீன்கடைக் கதையைக் கேட்டு அந்த ஆள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாராம். அதற்கப்புறம் எவன் கேட்டாலும் பெட்டியைக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். சொல்ல வேண்டியதுதான்.

தீபாவளிக்கு முன்னால் புண் மூடியது. அந்த இடத்தில் தோல் மட்டும் இன்னும் பளபளவென்று குழந்தைத் தோல் மாதிரி இருக்கிறது. பூங்கோதை ஹீட்டரை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்துவிட்டாள். அதை எடுக்க வேண்டுமென்றால் நான் ஸ்டூலில் ஏற வேண்டும், ஸ்டூலில் நான் ஏறக் கூடாது என்பதும் அவள் உத்தரவு. காலில் கம்பளிச் சாக்ஸ். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும், டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

குளிர் தொடங்கினபோது சுபாஷிணி வந்தாள். புண் ஆறின பிறகு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டுமாம், முன்னால் எடுத்ததோடு ஒப்பிட. வீட்டிலேயே எடுத்தாள். புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

"முன்னால பாத்ததுல என் லிஃப்ட்மேன் என்னதான் சொன்னான்?" என்று கேட்டேன். "நெசத்தச் சொல்லு."

"உங்க ஒருத்தரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அங்கிள். நிறையப் பேரைப் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும். தெரியறதுக்கு வருஷக்கணக்காகும். தெரியாமலும் போகலாம்."

"அப்ப ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

அவள் முகத்தைப் பார்த்தேன். தரையைப் பார்க்கவில்லை. குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டே என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். சரி, இது நிஜமாகவே ஒன்றும் இல்லாத ஒண்ணும் இல்ல.

குழாயைப் பெட்டியில் வைத்து மூடினாள். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன்.

"அவரு கையில குடுக்காத!" என்று அடுப்படியிலிருந்து பூங்கோதை கத்தினாள்.

சுபாஷிணி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். கீழே வரைக்கும் வருகிறேன் என்று நானும் பின்னாலேயே இறங்கினேன். ஒரு திருப்பத்தில் மேலே ஏறி வந்த சிலிண்டர்க்காரன் எனக்காகச் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டான். நான் அவசரப்படவில்லை. இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து, நிதானமாகத்தான் இறங்கினேன்.